கணினிக்குத் தமிழ் இலக்கணம் கற்பித்த ஆசிரியர்: நா. கோவிந்தசாமி

மொழித்தொண்டு என்றவுடன் நம் நினைவில் எழுவோர் ஏடு தேடி அலைந்த பதிப்பாசிரியர்கள். உரை வகுத்த சான்றோர். அகராதி தொகுத்த அறிஞர்கள். இவ்வரிசையில் ஒரு விசைப்பலகைக்காக உழைத்தவரையும் வைத்து எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. ஆயினும் ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து கணினித் திரைக்கும் தமிழ் இடம் மாறிய ஒவ்வொரு காலத்திலும், எழுத்தை எவ்வாறு இடுவது என்ற வினாவுக்கு யாரோ ஒருவர் விடை தேட வேண்டியிருந்தது. தமிழ் கணினிக்குள் நுழைந்த காலத்தில் அவ்வினாவைத் தம் தோளில் சுமந்தவர்களுள் முதன்மையானவர் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் நா. கோவிந்தசாமி அவர்கள். 1946 முதல் 1999 வரை 53 ஆண்டுகளே வாழ்ந்த அப்பெருமகனாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம். தமிழ்த்துறையில் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது என்பது நம் துணிபு.

ஆசிரியரும் எழுத்தாளரும்

நா. கோவிந்தசாமி 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் பிறந்தார். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் நாடு சிங்கப்பூர். எனினும் அங்குத் தமிழர் சிறுபான்மையினர். ஆட்சிமொழி என்னும் தகுதி ஏட்டளவில் நின்றுவிடாமல் வகுப்பறையிலும் வாழ்விலும் நிலைக்க வேண்டுமாயின் ஆசிரியர்களின் உழைப்பு வேண்டும். அத்தகைய ஆசிரியராகவே அவர் தம் வாழ்வைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஆசிரியர்களை உருவாக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார்.

ஆசிரியப் பணியோடு எழுத்துப் பணியும் அவரிடம் இணைந்தே வளர்ந்தது. சிறுகதை அவருக்கு உகந்த வடிவம். 1977-இல் இலக்கியக் களம் என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். படைப்புகளைப் பாராட்டி மகிழ்வதோடு அமையாமல், அவற்றின் நிறைகுறைகளைக் கூடி ஆராயும் பயிற்சியைச் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களிடையே அவ்வமைப்பு வளர்த்தது. அவருடைய வேள்வி என்னும் சிறுகதைத் தொகுதி 1992-இல் சிங்கப்பூரின் தேசிய நூல் வளர்ச்சி மன்றத்தின் பரிசைப் பெற்றது. 1994-இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவரை வந்தடைந்தது.

அவருடைய ஆய்வு முயற்சிகளுள் ஒன்றை இம்மலரின் வாசகர்கள் சிறப்பாகக் கருதத் தகும். சிங்கப்பூரில் 1887-இல் தொடங்கிய சிங்கை நேசன் என்னும் தமிழ் இதழின் ஆசிரியர் மகதூம் சாயபு. அவ்விதழில் 1888-இல் அவர் எழுதிய விநோத சம்பாஷணை என்னும் ஆக்கத்தைச் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என நிறுவ முற்பட்டவர் நா. கோவிந்தசாமி. பழைய இதழ்களின் பக்கங்களில் புதைந்து கிடந்த ஓர் இஸ்லாமியத் தமிழரின் பெயரை இலக்கிய வரலாற்றில் உரிய இடத்தில் அமர்த்தியவர் அவர். முன்னோடிகளின் பெயர் மறைந்துவிடலாகாது என்று உழைத்த அவருடைய பெயரே பின்னாளில் ஒரு பொதுத்தரத்துக்குள் மறைய நேர்ந்தது. அதனை மேலே காண்போம்.

தட்டச்சுப் பொறி விட்டுச் சென்ற சிக்கல்

அவருடைய கணினிப் பணியின் அருமையை உணர, அதற்கு முன்பிருந்த நிலையை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழுக்கு ஒரு தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். 247 எழுத்துகளை உடைய மொழியைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கிய அவர் அறிவுத்திறன் போற்றுதலுக்குரியது. ஆனால் தட்டச்சுப் பொறி எழுத்தின் ஒலியை அறியாது; வடிவத்தை மட்டுமே அறியும். கொ என்று அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, பின்னர்க் ககரம், அதன்பின் கால் என மூன்று விசைகளை அழுத்த வேண்டும். வாய் ககரத்தை முதலில் ஒலிக்க, விரலோ கொம்பை முதலில் தேடும். பொறியின் இயல்பு அது; வேறு வழியில்லை.

கணினி வந்த பின்னர் அந்தக் கட்டாயம் நீங்கிற்று. கணினிக்கு விதி கற்பிக்கலாம். ககரத்தின்பின் ஒகரம் வந்தால் இவ்வடிவத்தைத் திரையில் காட்டுக என ஆணையிடலாம். எனினும் தொடக்கத்தில் கணினித் தமிழுக்கு வந்தவர்களுள் பலர் பழைய தட்டச்சு முறையையே தொடர்ந்தனர். பயிலகத்தில் கற்ற விரல் பழக்கம் எளிதில் மாறாது. தமிழைப் புதிதாகக் கற்கும் சிங்கப்பூர்ச் சிறாருக்கோ அப்பழக்கம் இல்லை. கொம்பும் காலும் எந்த மூலையில் உள்ளன என்று தேடுவது அவர்களுக்குப் பெருஞ்சுமை. இச்சுமையை இறக்கி வைக்க முனைந்தார் நம் ஆசிரியர்.

கணியன்

நா. கோவிந்தசாமி பொறியாளர் அல்லர், தமிழாசிரியர். ஆகவே கணினிச் சிக்கலுக்கும் அவர் தமிழ் இலக்கணத்திலேயே விடை தேடினார் எனலாம். அம்முயற்சியில் உருவானதே கணியன் என்னும் தமிழ் மென்பொருளும் அதன் விசைப்பலகையும். கணிப்பவன் என்னும் பொருளுடன் சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரையும் நினைவூட்டும் அழகிய பெயர் அது.

அதன் அடிப்படை எளிது. தமிழுக்கு முதலெழுத்துகள் 30 எனத் தொல்காப்பியம் வரையறுத்தது. உயிர் 12; மெய் 18. ஆய்தத்தையும் சேர்த்தால் 31. உயிர்மெய் என்பது தனி எழுத்தன்று. மெய்யும் உயிரும் கூடிப் பிறப்பது. அவ்வாறாயின் விசைப்பலகையில் 247 எழுத்துகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் இடம் தேடி இடர்ப்படுவானேன்? மெய்யையும் உயிரையும் தந்துவிட்டால் உயிர்மெய்யைக் கணினியே ஆக்கிக்கொள்ளும். ககரத்தையும் ஒகரத்தையும் அழுத்தினால் கொ பிறக்கும். விசை இரண்டு, ஒலிக்கும் முறையும் அதுவே. முதல் வகுப்பில் நாம் கற்ற எழுத்திலக்கணம் அப்படியே விரல்களுக்கு இறங்கிவிடுகிறது. தொல்காப்பியர் கணினியைக் கண்டவர் அல்லர். ஆயினும் அவர் வகுத்த எழுத்துப் பாகுபாடு ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒரு பொறிக்குள் பழுதின்றிப் பொருந்தியது. மொழியின் உள்ளமைப்பை அறிந்தவரே அதற்கான கருவியை அமைக்க வல்லவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நிரல்மொழிகள் தரும் பாடம்

நல்ல முறை ஒன்றைக் கண்டறிவது ஒரு பணி. அதனைப் பலரும் ஏற்கும் பொதுமுறையாக ஆக்குவது மற்றொரு பணி. இரண்டாவதே கடினமானது. இவ்வுண்மையைக் கணினி உலகம் தமிழுக்கு முன்பே பட்டு அறிந்திருந்தது.

1950-களில் அமெரிக்காவில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினிக்கெனத் தனி நிரல்மொழி வைத்திருந்தது. ஒரு கணினிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. புதிய கணினி வாங்கினால் பழைய நிரல்களை எல்லாம் மீண்டும் எழுத வேண்டும். இந்த வீண் செலவைத் தவிர்க்க 1959 மே மாதத்தில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அழைப்பை ஏற்று அரசுத் துறையினரும் போட்டி நிறுவனத்தாரும் ஒன்றாக அமர்ந்தனர். வணிகப் பயன்பாட்டுக்கு ஒரே பொதுமொழி வேண்டும் என்று முடிவு செய்தனர். அதன் பயனாகப் பிறந்ததே கோபோல் என்னும் நிரல்மொழி. 1960 டிசம்பரில் இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஒரே கோபோல் நிரல் ஓடிக் காட்டப்பட்டபோது பொதுமுறையின் பயன் அனைவர்க்கும் புலனாயிற்று. அறிவியற் கணக்குகளுக்கென ஐ.பி.எம். நிறுவனம் 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் 1966-இலும், கோபோல் 1968-இலும் அமெரிக்கத் தரநிலை அமைப்பின் ஏற்பைப் பெற்றன. நம் சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973-இல் ஐ.பி.எம். 370 கணினி வந்தபோது, கடல் கடந்த நாட்டில் வகுக்கப்பட்ட அதே மொழிகளை நம் மாணவர்களும் கற்றுப் பயன்கொள்ள முடிந்ததற்குக் காரணம் இத்தரப்பாடே.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கோபோலுக்கு முன்னோடியாக அமைந்தது ஃப்ளோமேட்டிக் என்னும் மொழி. அதனை ஆக்கிய குழுவை நடத்தியவர் கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார். பொதுமொழி உருவானபோது ஃப்ளோமேட்டிக் என்ற பெயர் வழக்கொழிந்தது. அதன் கருத்துகள் கோபோலுக்குள் வாழ்ந்தன. தம் படைப்பின் பெயர் மறைவதை அந்த அம்மையார் இழப்பாகக் கொள்ளவில்லை. 1992-இல் மறையும் வரை பொதுத்தரத்துக்காகவே வாதாடினார். கோபோலை அமெரிக்கக் கடற்படையில் ஒரே சீராக நடைமுறைப்படுத்தும் பொறுப்பையும் ஏற்று உழைத்தார். பொதுத்தரம் என்பது பலருடைய விட்டுக்கொடுத்தலின் மீது எழும் மாளிகை. அடித்தளக் கற்களில் பெயர் பொறிப்பதில்லை.

ஒரே மொழி, பல குறியீடுகள்

நிரல்மொழிகளுக்கு நேர்ந்த அதே இடர்ப்பாடு தமிழ் எழுத்துருக்களுக்கும் நேர்ந்தது. அக்காலக் கணினிகள் பெரும்பாலும் 256 இடங்களைக் கொண்ட குறியீட்டு முறையில் இயங்கின. அவற்றுள் முதல் 128 இடங்கள் 1963-இல் வகுக்கப்பட்ட அமெரிக்கத் தரத்தின்படி ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் உரியவை. எஞ்சிய இடங்களில் தமிழ் வடிவங்களை எவ்வாறு அடுக்குவது என்பதில் ஒவ்வொருவரும் தத்தம் வழியில் சென்றனர். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரத்தின் மயிலை, சிங்கப்பூரில் கணியன் என முயற்சிகள் பெருகின. யாவும் தமிழார்வத்தால் விளைந்தவையே. ஆயினும் ஒன்றன் எழுத்தை மற்றொன்று அறியாது.

இதன் விளைவை அசோக் நகரில் வாழும் நாம் நேரில் கண்டிருக்கிறோம். 1990-களில் இப்பகுதியின் தெருக்களில் தட்டச்சுப் பயிலகங்களுக்கு அருகிலேயே ஒளியச்சு நிலையங்களும் தோன்றின. திருமண அழைப்பிதழ் முதல் கல்லூரி மலர் வரை அங்கேதான் உருப்பெற்றன. ஒரு நிலையத்தில் அடித்த கட்டுரையை நெகிழ்வட்டில் கொண்டுசென்று கோடம்பாக்கத்திலோ இராயப்பேட்டையிலோ உள்ள மற்றொரு நிலையத்தில் திறந்தால், தமிழுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். ஒரே நகரில், ஒரே மொழியில், ஒரு தெருவில் எழுதியதை அடுத்த தெருவில் படிக்க இயலாத நிலை! ஒரே செய்தியைத் தன் நாடெங்கும் கல்லில் பொறித்துப் படிக்கச் செய்த பேரரசன் அசோகனின் நினைவுத் தூண் நிற்கும் பகுதியில் இந்நிலை நிலவியது காலத்தின் விந்தை என்றே கூற வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு

இச்சூழலில் நா. கோவிந்தசாமியின் பணி இரு திசைகளில் நடந்தது. முதலாவது, தமிழை இணையத்தில் ஏற்றியது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலிய சீன அறிஞர்களோடு இணைந்து அவர் பணியாற்றினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத்தளத்தை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். உலகளாவிய வலையில் தமிழ் எழுத்துகள் தோன்றிய மிகத் தொடக்க முயற்சிகளுள் ஒன்று அது. தமிழ் அறியாத சீனரும், பொறியியல் பயிலாத தமிழாசிரியரும் தோள் சேர்ந்து நின்ற அந்த நட்பு நம் மாணவர்கள் மனங்கொள்ளத் தக்கது.

இரண்டாவது, தனித்தனியே உழைத்தவர்களை ஓரிடத்தில் கூட்டியது. 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு நடைபெற்றது. அதன் முன்னணி அமைப்பாளர்களுள் அவர் ஒருவர். பல நாடுகளின் தமிழ்க் கணிஞர்கள் நேரில் அமர்ந்து, குறியீட்டிலும் விசைப்பலகையிலும் பொதுமுறை காண வேண்டும் என்று உரையாடத் தொடங்கியது அங்கேதான். அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் தமிழக அரசின் சார்பில் சென்னையில் இரண்டாம் மாநாடு கூடியது. ஒவ்வொருவரும் தம் முறையே சிறந்தது என்று கருதுதற்குக் காரணங்கள் இருந்தன. விற்பனையில் இருந்த மென்பொருள்கள், ஆண்டுக்கணக்கான உழைப்பு, பழகிய விரல்கள் ஆகிய அனைத்தும் தராசில் இருந்தன. எனினும் பொதுமுறை ஒன்று உருவாயிற்று. தமிழ் மட்டும் எழுத ஒரு குறியீடும், தமிழும் ஆங்கிலமும் கலந்தெழுத மற்றொரு குறியீடும், தமிழ்99 என்னும் விசைப்பலகையும் பரிந்துரைக்கப்பட்டன.

தமிழ்99 விசைப்பலகையின் அடித்தளம் எது? நா. கோவிந்தசாமி நெடுங்காலமாக வலியுறுத்திவந்த உயிர், மெய் என்னும் ஒலிமுறையே. உயிர்கள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். மிகுதியாகப் பயிலும் எழுத்துகள் விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில். இலக்கண நுட்பமும் அதில் கலந்துள்ளது. ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானாகவே அமையும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. அம்மா என்பதற்கு அகரம், மகரம், மகரம், ஆகாரம். தம்பி என்பதற்குத் தகரம், மகரம், பகரம், இகரம். இரண்டிலும் புள்ளிக்கு விசை தேவையில்லை. விலக்கான இடங்களில் அகரத்தைத் தனியே அடித்துக்கொள்ளலாம். உடனிலை மெய்ம்மயக்கமும் இனவெழுத்தும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பகுதிகள் என்று எண்ணும் மாணவர்கள், அவை விரல் நுனியில் வேலை செய்வதை இங்குக் காணலாம்.

மறைவும் ஆணையும்

சென்னை மாநாடு முடிந்து நான்கு மாதங்கள் நிறையவில்லை. 1999 மே 26-ஆம் நாள் நா. கோவிந்தசாமி மறைந்தார். அகவை 53. தமிழ்99 விசைப்பலகையையும் அக்குறியீடுகளையும் தரமாக ஏற்றுத் தமிழக அரசு அறிவித்தது 1999 ஜூன் 13-ஆம் நாள். இடையில் இருந்தவை 18 நாள்களே. வாழ்நாளெல்லாம் எதற்காக உழைத்தாரோ அது அரசின் ஏற்பைப் பெற்ற நாளில் அவர் இல்லை. பொதுத்தரத்தில் கணியன் என்ற பெயரும் இல்லை. ஃப்ளோமேட்டிக்குக்கு நேர்ந்ததே கணியனுக்கும் நேர்ந்தது. பெயர் மறைந்தது, கொள்கை வாழ்கிறது.

அவர் தூவிய வித்து பின்னர்ப் பல வகையில் கிளைத்தது. 2000-இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீடு மெல்ல மெல்லப் பரவியது. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி, தேனீ என்னும் ஒருங்குறி எழுத்துருவைச் செய்து வழங்கி, 2006-இல் மறையும் வரை ஊதியம் கருதாது தமிழ்க்கணிமைக்கு உழைத்தார். 2010-இல் தமிழக அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. 1999-இல் வகுத்த குறியீடுகள் அவ்வாறு வழக்கிழந்தன. விசைப்பலகை மட்டும் வழக்கிழக்கவில்லை. இன்றைய கைப்பேசிகளிலும் கணினிகளிலும் தமிழ்99 இடம்பெற்றிருக்கிறது. குறியீடு பொறியின் வசதிக்காக அமைந்தது. ஆகவே பொறி மாறியதும் மாறியது. விசைப்பலகையோ மொழியின் இயல்பை ஒட்டி அமைந்தது, ஆகவே நிலைத்தது.

நம் கடன்

இவ்வரலாறு நம்மிடம் ஒரு வினாவை எழுப்புகிறது. தமிழ் மாணவர்களாகிய நாம் கைப்பேசியில் அம்மா என்று எழுத எந்த எழுத்துகளை அழுத்துகிறோம்? நம்முள் பலர் ஆங்கில எழுத்துகளை அழுத்தித் தமிழைப் பெறுகின்றனர். விரைவுக்கு அது துணை செய்யலாம், குற்றமென்று கூறுவதற்கில்லை. ஆனால் லகர, ளகர, ழகர வேறுபாட்டையும், நகர, னகர, ணகர வேறுபாட்டையும் அறியாத ஆங்கில எழுத்துகளின் வழியே நாள்தோறும் சிந்திக்கும் தலைமுறை, அவ்வேறுபாடுகளைத் தன் காதாலும் கண்ணாலும் எவ்வளவு காலம் காத்துக்கொள்ளும்? சிங்கப்பூரில் சிறுபான்மை மொழியின் ஆசிரியராக நின்று நா. கோவிந்தசாமி விடை கண்ட வினா, தமிழ்நாட்டின் வகுப்பறைக்கும் வந்துவிட்டது.

மற்றொரு கடனும் உண்டு. 1990-களில் பழைய குறியீடுகளில் அடித்துச் சேமித்த ஆய்வேடுகளும் மலர்களும் பல இல்லங்களிலும் நிறுவனங்களிலும் நெகிழ்வட்டுகளில் உறங்குகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக் காப்பது தமிழ்த்துறைகள் ஏற்கத் தகும் அரும்பணி. சிங்கை நேசனின் பழைய பக்கங்களிலிருந்து மகதூம் சாயபுவை மீட்டவருக்கு நாம் செலுத்தும் உரிய நன்றி அதுவாகவே இருக்கும்.

தமிழ் படித்தால் கணினி உலகில் என்ன பயன் என்று வினவும் மாணவர்க்கு ஆசிரியர் பலவாறு விளக்கம் கூற வேண்டியதில்லை. எழுத்ததிகாரத்தைக் கற்ற ஒரு தமிழாசிரியர் அதனைக் கொண்டே கணினிக்கு வழி காட்டினார் என்று இவ்வரலாற்றைக் கூறினாலே போதும். 31 விசைகளில் 247 எழுத்துகளும் பிறக்கும் அந்த விசைப்பலகையை இக்கல்வியாண்டிலேயே நம் மாணவர்கள் பழகிக்கொள்வார்களாக. அதனைத் தொடும் விரல்கள் நா. கோவிந்தசாமி என்னும் பெயரையும் நினைவில் கொள்வனவாக!